கல்லு ருசிக்குமா?

அண்ணா வணக்கம்,

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதுறேன். மாமா ஊருக்கு வரும்போது ஒரு வைன் பாட்டில் கொண்டாந்தாரு, அர்ஜென்டினா ஷார்டனே, அதாவது அந்தப் பேருள்ள வெள்ளைத் திராட்சையில செஞ்ச வைன், குவால்டஷாரிங்கற ஊராம். 1450 மீட்டர் உயரத்துல சுண்ணாம்பு மண்ணுல வெளஞ்சதுன்னு ரொம்ப பெருமையா சொன்னாரு. ஃப்ரீசர்ல போட்டு நல்லா சில்லுனு ஆக்கி முந்தாநேத்து ராத்திரி சில்லி சிக்கனோட குடிச்சோம். எனக்கு வெறும் புளிப்புதான் தெரிஞ்சுது, அப்புறம் தொண்டை காந்துச்சு. மாமா மட்டும் "கல்லு ருசி தெரியுதா, மினரல் தெரியுதா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நிஜமாவே கல்லுக்கு ருசி உண்டா, இல்ல வெல கூடன்னு சும்மா சொல்றதா? பாதி பாட்டில் ஃப்ரிட்ஜ்ல கெடக்கு, கொட்டிடலாமா?

உங்கள் வாசகன்

தம்பி,

கொட்டிடாதீங்க. மூடி இறுக்கமா இருந்தா வெள்ளை வைன் ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு நாள் தாங்கும்.

நீங்க குறை மாதிரி சொல்ற அந்தப் புளிப்புதான் அந்த வைனோட உசுரே. 1450 மீட்டர்னா கிட்டத்தட்ட நம்ம ஏற்காடு உயரம். 100 மீட்டர் ஏறுனா சுமாரா 0.6 டிகிரி சூடு கொறையும், அதுலயும் அது ஆண்டிஸ் மலையடிவாரம், காஞ்ச பூமி, பகல்ல வெயில் சுள்ளுனு அடிச்சாலும் ராத்திரி சட்டுனு குளுந்துரும். திராட்சையில மாலிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு, பச்சை ஆப்பிள கடிச்சா பல்லு கூசுதே அதே புளிப்பு. சூடான ஊர்ல பழம் பழுக்க பழுக்க அது கரைஞ்சு போயிரும், குளுந்த ராத்திரின்னா அது மெதுவாத்தான் நடக்கும், அதனால பழமும் பழுத்திருக்கும் புளிப்பும் மிஞ்சி நிக்கும். இந்த ரெண்டும் ஒரே வாய்ல கெடைக்கறது லேசுப்பட்ட விஷயம் இல்ல.

இப்ப கல்லு. எங்க வீட்டு மேசையில அரியலூர் கல்லு ஒண்ணு இருக்கு, சொந்தக்காரர் ஒருத்தர் கல்லங்குறிச்சி பக்கத்துல எடுத்துக் குடுத்தது. உள்ளங்கை அளவு சுண்ணாம்புக்கல், அதுல வளைஞ்ச சிப்பி ஒண்ணு வரிவரியா அப்படியே பதிஞ்சிருக்கு. கிரிஃபியான்னு ஆளிச் சிப்பி இனம், கிட்டத்தட்ட 7 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்க கடல் இருந்தப்ப வாழ்ந்தது. பிரான்ஸ்ல ஷாப்ளின்னு ஒரு ஊரு, ஷார்டனேவுக்குப் பேர் போனது, அந்த மண்ணுலயும் இதே மாதிரி குட்டி குட்டி சிப்பிங்க, அது இன்னும் பழசு, சுமாரா 15 கோடி வருஷம். ஒரு தடவ அந்த ஷாப்ளி வைன் குடிச்சுட்டு இருந்தப்ப உங்க மாமா கேட்ட அதே கேள்வி எனக்கும் வந்துச்சு, அந்த அரியலூர் கல்ல நல்லா கழுவி ஈரத்தோட நாக்குல வச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. உப்பில்ல, புளிப்பில்ல, லேசா மாவு மாதிரி ஒரு வறட்சி, அவ்வளவுதான். கல்லு கரைஞ்சு வேர் வழியா ஏறி கிளாஸுக்கு வர்றதில்ல, மண்ணியல் படிச்சவங்களும் இததான் சொல்றாங்க.

அதுக்காக மண்ணுக்கு வேலையே இல்லன்னு ஆயிடாது. சுண்ணாம்பு மண்ணு அதிகத் தண்ணிய கீழ விட்டுட்டு கொஞ்சத்த தனக்குள்ள பிடிச்சு வச்சுக்கும், கொடி அழுகவும் அழுகாது வாடவும் வாடாது, நிதானமா பழுக்கும். குவால்டஷாரில கெடக்கறது கடல் சிப்பி இல்ல, ஆறு உருட்டிட்டு வந்த கூழாங்கல்லு மேல சுண்ணாம்பு வெள்ளையா அப்பிக்கிட்டு இருக்கும். கலிஃபோர்னியாவுல ஜாஷ் ஜென்சன்னு ஒருத்தர், பிரான்ஸ்ல பர்கண்டிங்கற வைன் பகுதியில வேல பாத்துட்டு வந்தவரு, சுண்ணாம்பு மண்ணு இல்லாம வைன் செய்ய மாட்டேன்னு அலைஞ்சு கடைசியில சுமார் 2200 அடி உயரத்துல பழைய சுண்ணாம்புக் காளவாய் இருந்த மலைய வாங்கி 1975ல கொடி நட்டாரு, தோட்டத்துக்கு கலேரான்னே பேரு வச்சாரு, ஸ்பானிஷ்ல காளவாய்னு அர்த்தம். புதுச்சேரி போற வழியில சுண்ணாம்பாறு பாலத்தத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அவரு ஞாபகம் வரும்.

அப்ப மாமா சொல்ற மினரல்? அது பொய் இல்ல, உவமை. நல்ல புளிப்பு, பழ வாசனை அடக்கமா, வைன ஊற வைக்கற ஓக் மரப் பீப்பாய் வாசனை மேல ஏறாம இருந்தா, மழை பேஞ்ச கருங்கல் படிக்கட்டு மாதிரி ஒரு சுத்தம் மூக்குல தட்டும், அதுக்கு வேற வார்த்த இல்லாம கல்லுன்னு சொல்றாங்க. நானும் சொல்வேன். வெண்ணெய் வாசம் தூக்கலா வர்ற ஷார்டனே எனக்குப் பிடிக்காது, இந்தத் தெளிவ அது மூடிடுது.

உங்க கேஸ்ல ரெண்டு தப்பு. ஒண்ணு ஃப்ரீசர். ரொம்ப சில்லுன்னா வாசனை எழும்பாது, புளிப்பு மட்டும் தனியா துருத்திக்கிட்டு நிக்கும். ரெண்டு, சில்லி சிக்கன். மிளகாயும் ஆல்கஹாலும் வாய்ல ஒரே சூட்டு நரம்பத்தான் தட்டுது, அதான் அந்தக் காந்தல், வைன் மேல பழி போடாதீங்க.

இன்னிக்கு சாயங்காலம் பாட்டில வெளிய எடுத்து கால் மணி நேரம் வைங்க, 10லேர்ந்து 12 டிகிரி போதும், நம்ம ஊரு சூட்டுக்கு அதுக்கு மேல வேண்டாம். வாய் குறுகுன கிளாஸ்ல மூணுல ஒரு பங்கு ஊத்தி, சுத்தி, மோந்து பாருங்க. எலுமிச்சைத் தோல நகத்தால கீறுனா வருமே அந்த வாசம் மொதல்ல வரும். ஒரு வாய் எடுத்து முழுங்காம நாக்கு ஓரத்துல கொஞ்ச நேரம் நிக்க விடுங்க. முழுங்குனதும் ரெண்டு கன்னத்துக்குள்ளயும் எச்சி ஊறும், கிளிமூக்கு மாங்காய்ல உப்புத் தொட்டுக் கடிச்ச மாதிரி, அது எவ்வளவு நேரம் ஊறுதுன்னு மட்டும் கவனிங்க. பக்கத்துல காரம் போடாத எறா, இல்ல மஞ்சளும் மிளகும் உப்பும் மட்டும் தடவி வறுத்த வஞ்சிரம் ஒரு துண்டு. மாமாவையும் கூப்புட்டு உக்கார வச்சுக்குங்க.