ஃப்ரெஸ்கோபால்டி தொக்காத்தா: மெட்ரோனோமை அணைத்துவிடுங்கள்

வணக்கம். 17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் ஃப்ரெஸ்கோபால்டியின் தொக்காத்தாவை (விசைப்பலகைக் கருவிக்கான சுதந்திரமான இசைத்துண்டு) ஒரு மாதமாக மெட்ரோனோமோடு (சீராகத் தாளம் தட்டும் கருவி) வாசித்தும் தட்டச்சுப் பயிற்சி மாதிரியே கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் விரலில் குறையில்லை, மெட்ரோனோம்தான் வில்லன். 1615 தொகுப்பின் முன்னுரையில் அவரே சொல்கிறார்: தாளத்தைச் சீராகப் பிடிக்காதீர்கள், மாட்ரிகல் (பல குரல்கள் சேர்ந்து பாடும் பாட்டு) பாடுவதுபோல ஓரிடத்தில் மெதுவாக, ஓரிடத்தில் விரைவாக, சமயத்தில் அந்தரத்தில் நிறுத்தியும் போகலாம். தொடக்கக் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) மொத்தமாக அமுக்காமல், சுரம் சுரமாக நிதானமாக உதிர்த்துப் பாருங்கள். ட்ரில் (பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை மாற்றி மாற்றி வேகமாக வாசிப்பது) முடிகிற கடைசிச் சுரத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு அடுத்த ஓட்டத்தைத் தொடங்குங்கள்.

முழுதும் வாசித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. வேண்டிய முடிப்பில் (இசை ஓய்ந்து நிற்கும் இடத்தில்) நிறுத்திக்கொள்ள அனுமதி தந்திருக்கிறார், நல்ல மனுஷன்! 1608 முதல் ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பூசை நேரத்துக்கேற்ப இசையை நறுக்கத் தெரிந்தவர்.

இன்னும் கஷ்டமாக இருந்தால் 1635-இல் வந்த அவருடைய ‘ஃபியோரி மூசிகாலி’ தொகுப்பில் உள்ள எழுந்தேற்றத் தொக்காத்தா (பூசையில் அப்பத்தை உயர்த்திக் காட்டும் நேரத்துக்கானது) ஒன்றை எடுங்கள். சின்னது, மெதுவானது. ஜெர்மன் இசைமேதை பாக் கூட இந்தத் தொகுப்பின் பிரதி ஒன்றை வைத்திருந்தார். 1627 தொகுப்பின் ஒன்பதாவது தொக்காத்தாவை இப்போதைக்குத் தொடாதீர்கள். ‘சிரமமில்லாமல் முடிவை எட்ட முடியாது’ என்று அதன் கடைசியில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.