“நடிக்கிறான்” என்று கத்திவிட்டேன், அக்கா

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 23 வயது. கீழக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம். போன மாதம் எங்கள் ஊரில் மின்னொளி எழுவர் கால்பந்துப் போட்டி நடந்தது. அரையிறுதியில் எங்கள் அணியும் மண்டபம் பக்கத்து அணியும் மோதின. அவர்கள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்களுடைய ஃபார்வர்டு, 19 வயதுப் பையன், பக்கத்தில் பந்தும் இல்லை ஆளும் இல்லை, குப்புற விழுந்தான். நேரம் கடத்துகிறான் என்றுதான் நினைத்தோம். “நடிக்கிறான், தூக்கி வெளியே போடு” என்று முதலில் கத்தியவர்களில் நானும் ஒருவன். அப்புறம்தான் கை கால் வெட்டி இழுப்பது தெரிந்தது. எல்லோரும் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினோம். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், இன்னொருவர் முகத்தில் சோடா அடித்தார். விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நர்ஸ் அக்கா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து நெஞ்சை அழுத்தினார். அதனால்தான் பிழைத்தான். மதுரையில் சிகிச்சை முடிந்து இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். மீதி ஆட்டத்தை அன்றிரவே நடத்தினார்கள். நாங்கள் ஜெயித்தோம், ஒருவரும் கை தட்டவில்லை. என் நண்பன் எடுத்த வீடியோ விடிவதற்குள் எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்கும் போய்விட்டது. அந்தப் பையனின் அம்மாவுக்கு யாரும் சொல்வதற்கு முன்பே வீடியோதான் போய்ச் சேர்ந்ததாம். அதில் நான் கத்துவதும் கேட்கிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனைப் போய்ப் பார்க்கலாமா? இனி ஊரில் போட்டியே வேண்டாம் என்கிறார்கள் சிலர். அது சரியா?

பதில்:

அன்புத் தம்பி, போய்ப் பாருங்கள். இந்த வாரமே போங்கள். எப்படிப் போவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அன்றிரவு நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும்.

ஒரு கோல் முன்னால் இருக்கும் அணியில் ஒருவன் கீழே விழுந்தால் எதிர் அணி ரசிகன் சந்தேகப்படுவது வழக்கம்தான். நீங்கள் கத்தியதற்கும் அந்தப் பையனின் இதயம் நின்றதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தச் சுமையை இறக்கி வையுங்கள். ஆனால் நடிப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ரசிகர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நடிக்கிறவன் காலைப் பிடித்துக்கொண்டு உருளுவான், ஓரக்கண்ணால் ரெஃப்ரியைப் பார்ப்பான். இதயம் நின்றவன் கையைக்கூட ஊன்ற மாட்டான். யாரும் மோதாமல், தடுக்காமல் ஒருவன் மரம் சாய்வதுபோல் விழுந்து அப்படியே கிடந்தால், அந்த நொடியிலிருந்து இதயம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டுதான் எல்லாம் நடக்க வேண்டும்.

கை கால் வெட்டி இழுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இதுதான் நம் ஊரில் எல்லோரையும் ஏமாற்றுகிறது. இதயம் நின்று மூளைக்கு ரத்தம் போகாதபோது உடம்பு சில நொடிகள் வலிப்பு வந்ததுபோல உதறும். கரையில் போட்ட மீன்போல வாய் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்து “மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு” என்பார்கள். அது மூச்சு இல்லை. வலிப்பு என்று நினைத்து இரும்பைக் கையில் கொடுக்கிறோம், சோடாவை முகத்தில் அடிக்கிறோம். வலிப்பாகவே இருந்தாலும் சாவிக்கொத்தால் ஒரு பயனும் இல்லை. நெஞ்சை அழுத்தாமலும், கருவி வைத்து மின் அதிர்வு கொடுக்காமலும் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. சாவி தேடிய நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

அந்த நர்ஸ் அக்கா செய்ததை நீங்களும் செய்ய முடியும். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, ஒழுங்கான மூச்சு இல்லை என்றால் ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும், இன்னொருவர் அந்த நிமிடமே தொடங்க வேண்டும். ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே அடுத்த கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி விட வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இது கடுமையான வேலை, நல்ல உடம்புக்காரனுக்கே இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்துவிடும். அப்போது அடுத்தவர் மாற வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

இனி கூட்டத்தைப் பற்றி. 2021 ஜூன் 12, கோபன்ஹேகன். யூரோ போட்டியில் டென்மார்க்கும் ஃபின்லாந்தும் ஆடிக்கொண்டிருந்தன. முதல் பாதி முடிகிற நேரத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன், யாரும் தொடாமலே, பக்கக் கோட்டுக்கு அருகில் சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. மருத்துவர்கள் நெஞ்சை அழுத்தி, அதிர்வு கொடுத்து மீட்டார்கள். அந்த நேரத்தில் கேப்டன் சிமோன் கியர் அணியினரைத் திரட்டி எரிக்சனைச் சுற்றி வட்டமாக நிற்க வைத்தார். பல பேர் அவருக்கு முதுகைக் காட்டி வெளிப்பக்கம் பார்த்து நின்றார்கள். அழுதுகொண்டே நின்றார்கள், ஆனால் நகரவில்லை. அவரை வெளியே கொண்டுபோகும்போது மறைப்பதற்கு ஃபின்லாந்து ரசிகர்களின் கொடிகள் பயன்பட்டன. எதிர் அணியின் கொடிகள்! ஆட்டம் நின்றிருந்தபோது ஃபின்லாந்து ரசிகர்கள் “கிறிஸ்டியன்” என்று குரல் கொடுக்க, டென்மார்க் பக்கம் “எரிக்சன்” என்று பதில் கொடுத்தது. அதை நான் எத்தனை முறை பார்த்தாலும் கண் நிறைந்துவிடும்.

2012 மார்ச்சில் லண்டனில் டாட்டன்ஹாம் மைதானத்தில் போல்ட்டன் அணியின் ஃபாப்ரிஸ் முவாம்பா விழுந்தபோதும் இப்படித்தான், சொந்த ஊர் ரசிகர்கள் விருந்தாளி அணிக்காரனின் பெயரைச் சொல்லி முழங்கினார்கள். ஆண்ட்ரூ டீனர் என்ற இதய மருத்துவர் அன்று டாட்டன்ஹாம் ரசிகராக டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர். காவலர்களிடம் சொல்லி இறங்கி வந்து உதவினார், மருத்துவமனைவரை கூடவே போனார். முவாம்பாவின் இதயம் தானாகத் துடிக்காமல் இருந்தது 78 நிமிடம். அவர் இன்றும் உயிரோடு இருக்கிறார்.

உங்கள் ஊரில் எல்லோரும் ஓடினீர்கள், அந்த அக்கா இடித்துக்கொண்டு உள்ளே வர வேண்டியதாயிற்று. பாசத்தில்தான் ஓடினீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் டீனர்போல ஒரு மருத்துவரோ அந்த அக்காபோல ஒரு நர்ஸோ உள்ளே போகலாம், மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே இரண்டு அணிப் பையன்களும் கைகோத்து வெளியே பார்த்து நின்றால் போதும்.

இதில் மைக் பிடித்திருப்பவர் பெரிய ஆள். நம் பக்கத்துப் போட்டிகளில் வர்ணனையாளர் சொன்னால் ஊரே கேட்கும். “டாக்டர், நர்ஸ் யார் இருந்தாலும் உடனே வாங்க, மற்றவங்க உட்காருங்க, வாசலில் இருக்கிற பைக்கை எடுங்க” என்று அவர் மூன்று வரி சொல்ல வேண்டும். பைக் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மைதானத்துக்கு ஒரே வழி, அதன் இரண்டு பக்கமும் பைக், நடுவில் ஐஸ் வண்டி, பஜ்ஜிக் கடை. ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும்? கீழக்கரையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ அடித்துப் பிடித்து வந்த வண்டி கடைசி நூறு மீட்டரில் நிற்கும். 108ஐ அழைத்த எண்ணுக்குத்தான் டிரைவர் வழி கேட்டுக் கூப்பிடுவார். அந்த போனை வேறு யாருக்கும் பேசாமல் காலியாக வைத்துக்கொண்டு ஒருவர் மெயின் ரோட்டில் போய் நிற்க வேண்டும்.

அதே 2012 மார்ச்சில் பெங்களூரில் ஒரு லீக் ஆட்டத்தில் ஒரு இளம் வீரர் சரிந்து விழுந்தார். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோவில் தூக்கிப் போனார்கள், பிழைக்கவில்லை.

வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம். உங்கள் மேல் மட்டும் இல்லை, போனைத் தூக்கிப் பிடித்த எல்லோர் மேலும். நம் கடற்கரை ஊர்களில் பாதி வீட்டில் ஒருவர் துபாயிலோ சவூதியிலோ இருக்கிறார். ஊர்ப் போட்டியை லைவில் பார்ப்பதுதான் அவர்களுக்கு இருக்கும் சந்தோஷம். தம்பி விழுந்து துடிப்பதை அண்ணன் அங்கே தனி அறையில் உட்கார்ந்து பார்த்தால் என்ன ஆகும்? எரிக்சன் விழுந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டிய தொலைக்காட்சிகள் மேல் உலகமே கோபப்பட்டது, பிபிசி மன்னிப்புக் கேட்டது. லைவ் எடுக்கும் பையன் அந்த நொடியே கேமராவை விளக்குக் கம்பத்தின் பக்கம் திருப்ப வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும். உங்கள் நண்பனிடம் சொல்லி வீடியோவை அழிக்கச் சொல்லுங்கள். பரவியது பரவிவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு குரூப்பிலும் “தயவுசெய்து அழித்துவிடுங்கள்” என்று உங்கள் பெயரில் போடுங்கள்.

வீடியோவுக்குப் பின்னால் வதந்தி வரும். ஊசி போட்டுக்கொண்டான், மாத்திரை சாப்பிட்டான் என்பார்கள். எரிக்சன் விஷயத்திலும் கொரோனா தடுப்பூசிதான் காரணம் என்று கிளப்பிவிட்டார்கள். அவர் தடுப்பூசியே போட்டுக்கொள்ளவில்லை என்று அவர் அப்போது ஆடிய இன்டர் மிலான் கிளப்பின் நிர்வாகி சொல்ல வேண்டியதாயிற்று. இளம் வீரர்களுக்கு இப்படி வருவதற்குப் இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்துப்போவது ஒரு முக்கியக் காரணம். 2003இல் பிரான்ஸில் ஆடும்போதே இறந்த கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோவுக்கு அதுதான் இருந்தது. இது குடும்பத்தில் வரக்கூடியது. அதனால் அந்தப் பையனின் அண்ணன் தம்பிகளும் ஈசிஜி, எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது. மதுரை டாக்டரே சொல்லியிருப்பார்.

மீதி ஆட்டத்தை அன்றிரவே நடத்தியது தவறு. கமிட்டிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. கோபன்ஹேகனிலும் அன்றிரவே ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஃபின்லாந்து 1-0 என்று ஜெயித்தது. ஆடியிருக்கவே கூடாது என்று டென்மார்க் பயிற்சியாளர் யுல்மண்ட் மறுநாளே சொன்னார். முவாம்பா விழுந்த ஆட்டத்தை அப்படியே கைவிட்டார்கள். அதுதான் முறை.

அதற்காகப் போட்டியே வேண்டாம் என்பது சரியில்லை. சாயங்காலமானால் மணலில் பந்தோடு நிற்கும் சின்னப் பையன்களிடமிருந்து அதை எடுத்துவிட்டு என்ன கொடுப்பீர்கள்? போட்டியை நடத்துங்கள். பரிசுக் கோப்பையின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்து, அந்தப் பணத்தில் ஆம்புலன்ஸ் ஒன்றை மைதானத்திலேயே நிறுத்துங்கள். அணிக்கு இரண்டு பேருக்காவது நெஞ்சை அழுத்தும் பயிற்சி வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவிப் பயிற்சி தருகிறது. உங்கள் ஊர் நர்ஸ் அக்காவே சொல்லிக்கொடுப்பார், அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதைவிட அது அவருக்குப் பிடிக்கும். இதய அதிர்வுக் கருவி ஒன்றை வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கருவியே குரல் கொடுத்துச் சொல்லும், தேவையில்லாத ஆளுக்கு அதிர்வு கொடுக்காது.

சரி, அந்தப் பையனைப் பார்க்கப் போவது. பத்து பைக்கில் போகாதீர்கள். நீங்களும், அந்த வீடியோ எடுத்த நண்பனும் மட்டும் போங்கள். முதலில் அவர்கள் அணி கேப்டனிடம் போனில் கேட்டு, வீட்டில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். கத்தியது நான்தான் என்று அவனிடம் நேராகச் சொல்லுங்கள், ஒரே வரியில். விளக்கம் வேண்டாம். “மறுபடி எப்போ ஆடுவே?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எரிக்சன் உடலுக்குள் இதயத்துக்கு அதிர்வு கொடுக்கும் கருவி பொருத்திக்கொண்டு எட்டு மாதத்தில் திரும்ப வந்தார், 2024 யூரோவில் கோலும் போட்டார். முவாம்பாவோ டாக்டர்கள் சொன்னபடி 24 வயதிலேயே ஆட்டத்தை விட்டார். இவனுக்கு எது என்று இவனுடைய டாக்டர்தான் சொல்ல முடியும், அதுவரை அந்தக் கேள்வி அவனை வதைக்கும். அவனோடு போன வாரத்து ஆட்டங்களைப் பேசுங்கள். அம்மா சோறு போட்டால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வீடியோவைப் பற்றி அவராகப் பேச்செடுத்தால் இரண்டு பேரும் மன்னிப்புக் கேளுங்கள். அவர் பேச்செடுக்காவிட்டால், கிளம்பும்போது உங்கள் நண்பன் அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்கட்டும்.