மாரியோ சுவாரஸை ‘போர்ச்சுகல் ஜனநாயகத்தின் தந்தை’ என்று சொல்வது சரியா?

ஒரு வக்கீல் எப்படி ஒரு நாட்டின் ஜனநாயகத்துக்கே தந்தை ஆவார், அது கட்சிக்காரர்கள் சூட்டிய பட்டமா என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால், பட்டம் பொருத்தமானதுதான். பிரதமர், ஜனாதிபதி என்று அவர் வகித்த பதவிகளை விட, ஜெயிக்கவே முடியாத வழக்குகளில் ஆஜரான வருடங்களும், 1975-ல் பழைய தோழர்களையே எதிர்த்து நின்ற சில மாதங்களும்தான் அவருக்கு அதைச் சம்பாதித்துக் கொடுத்தன.

1924-ல் லிஸ்பனில் பிறந்தவர். அப்பா பாதிரியாராக இருந்து, அதை விட்டுவிட்டு, மன்னராட்சி போனபின் அமைந்த முதல் குடியரசில் அமைச்சரானவர். சலாசாரின் சர்வாதிகாரம் வந்த பிறகு லிஸ்பனில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அங்கே சிறுவன் மாரியோவுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்த இளைஞர் அல்வாரோ குன்யால். பின்னாளில் போர்ச்சுகல் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவரான அதே குன்யால்தான். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி மறுபடி வருவார்.

சுவாரஸும் முதலில் கம்யூனிஸ்ட் இளைஞர்தான். 1950-களின் தொடக்கத்தில் விலகினார். ரகசிய போலீஸ் அவரை 12 முறை கைது செய்தது. நாடக நடிகை மரியா பரோசோவுடன் 1949-ல் கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளை சிறையில் இருந்தார். வரலாறும் தத்துவமும் படித்தவர், அப்புறம் சட்டம் படித்து 1957-ல் முடித்தார்.

அந்தக் காலத்தில் அரசியல் வழக்குகளை விசாரிக்கத் தனி நீதிமன்றம் இருந்தது. நாள் கணக்கில் தூங்கவிடாமல் நிற்க வைத்து வாங்கிய வாக்குமூலங்கள் அங்கே சாட்சியமாக வரும். தண்டனைக் காலம் முடிந்தாலும் ‘பாதுகாப்பு நடவடிக்கை’ என்ற பெயரில் சிறைவாசத்தை நீட்டிக்கலாம். அதையும் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் வக்கீல் என்ன செய்துவிட முடியும்? வழக்கில் மாட்டியவரை விடுவிக்க முடியாது. ஆனால் அவருக்கு நடந்ததை ஒரு மனிதர் எழுந்து நின்று, நீதிபதியின் முகத்துக்கு நேராகச் சொல்லலாம். சுவாரஸும் அவரைப் போன்ற சில வக்கீல்களும் அதைத்தான் செய்தார்கள். அடுத்த வழக்கில் தாங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம் என்று தெரிந்தேதான் செய்தார்கள்.

அவர் பெயர் வெளிநாடுகளில் அடிபட்டது டெல்காடோ கொலையில். ஜெனரல் ஹும்பெர்டோ டெல்காடோ 1958 ஜனாதிபதித் தேர்தலில் ஆட்சியின் வேட்பாளரை எதிர்த்து நின்றவர். ஜெயித்தால் சலாசாரை என்ன செய்வீர்கள் என்று நிருபர் கேட்டதற்கு, பதவியிலிருந்து நீக்குவேன், இதில் என்ன சந்தேகம் என்று பதில் சொன்னவர். நாட்டை விட்டு வெளியேறியவரை 1965 பிப்ரவரியில் ஸ்பெயின் எல்லைக்கு ஆசை காட்டி வரவழைத்து, செயலாளரோடு சேர்த்துக் கொன்றுவிட்டது ரகசிய போலீஸ். போர்ச்சுகல் அரசு தனக்குச் சம்பந்தமே இல்லை என்றது. டெல்காடோ குடும்பத்தின் வக்கீலாக சுவாரஸ் ஸ்பெயினுக்குப் போய், கொலையின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று துருவ ஆரம்பித்தார். சலாசார் சும்மா விடுவாரா? 1968 மார்ச்சில், விசாரணை எதுவும் இல்லாமல் ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கும் சாவோ தோமே தீவுக்கு நாடு கடத்தினார். அதே வருடம் சலாசார் நோயில் விழுந்து மார்சேலோ கயெட்டானோ ஆட்சிக்கு வந்ததால் திரும்ப முடிந்தது. ஆனால் 1970-லிருந்து மறுபடி பிரான்சில் அகதி வாழ்க்கை. 1973 ஏப்ரலில் ஜெர்மனியில் கூடித்தான் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள். சொந்த மண்ணில் அது சாத்தியமில்லை.

ஒரே வருடத்தில் எல்லாம் மாறியது. 1974 ஏப்ரல் 25 அன்று இளம் ராணுவ அதிகாரிகள் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். மூன்றாம் நாள் சுவாரஸ் பாரிஸிலிருந்து ரயிலில் லிஸ்பன் வந்து இறங்கினார். சான்டா அப்போலோனியா ரயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. வெளியுறவு அமைச்சரானார்.

இனிமேல் வருவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். புரட்சியின் முதல் ஆண்டு நிறைவு நாளிலேயே தேர்தல் நடந்தது. 91 சதவீதத்துக்கும் மேல் வாக்குப்பதிவு. சோஷலிஸ்டுகளுக்குச் சுமார் 38 சதவீதம், கம்யூனிஸ்டுகளுக்கு 12 சதவீதம் சொச்சம். ஆனால் அதிகாரம் வாக்குச்சீட்டின் பின்னால் போகவில்லை. ராணுவத்தின் இடதுசாரிப் பிரிவிடமும் கம்யூனிஸ்டுகளிடமும் போய்க்கொண்டிருந்தது. சோஷலிஸ்டுகளுக்கு நெருக்கமான ‘ரெப்பூப்ளிகா’ நாளிதழை அச்சுத் தொழிலாளர்கள் கைப்பற்றினார்கள். சுவாரஸ் அரசிலிருந்து வெளியேறி, ஜூலையில் லிஸ்பனில் மாபெரும் கூட்டம் போட்டார். அவருடைய முறையீடு எளிமையானது: மக்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள், அதை மதியுங்கள். நவம்பர் 6 இரவு பழைய ஆசிரியரும் பழைய மாணவனும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் உட்கார்ந்து கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் வாதாடினார்கள். நீங்கள் சர்வாதிகாரத்தைக் கொண்டுவரப் பார்க்கிறீர்கள் என்று சுவாரஸ் நெருக்க, குன்யால் சிரித்த முகத்தோடு “அப்படி இல்லை பாருங்கள்” என்றது அந்த நாட்டில் இன்றும் புழங்குகிறது. அதே மாதம் 25-ம் தேதி இடதுசாரி ராணுவப் பிரிவுகள் செய்த கிளர்ச்சி தோற்றது. அடுத்த வருடம் சுவாரஸ் பிரதமரானார்.

1986 ஜனாதிபதித் தேர்தலைச் சொல்லாமல் விட முடியாது. அதற்கு முந்தைய இரண்டரை வருடங்கள் சர்வதேச நாணய நிதியத்தின் கடனுக்காகக் கடும் சிக்கன நடவடிக்கை எடுத்த பிரதமர் அவர். தொழிற்சாலைகளில் மாதக்கணக்கில் சம்பள பாக்கி. அவரை ஆதரிப்பவர்கள் 8 சதவீதம்தான் என்றது கருத்துக்கணிப்பு. முதல் சுற்றில் வலதுசாரி வேட்பாளர் ஃப்ரெய்டாஸ் தோ அமரால் 46 சதவீதம், சுவாரஸ் 25 சதவீதம். இரண்டாம் சுற்றில் இவருக்கு ஓட்டுப் போட வேண்டியவர்கள் பத்து வருடமாக இவரைத் திட்டிக்கொண்டிருந்த கம்யூனிஸ்டுகள். குன்யால் தன் தொண்டர்களிடம் சொன்னார்: வாக்குச்சீட்டில் அவர் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டாவது அவருக்கே ஓட்டுப் போடுங்கள். சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் வாக்குகளில் சுவாரஸ் ஜெயித்தார். 60 வருடங்களில் ராணுவப் பின்னணி இல்லாத முதல் ஜனாதிபதி. 1991-ல் 70 சதவீத வாக்குகளோடு மீண்டும் வந்தார்.

இந்தியாவோடும் அவருக்கு நேரடித் தொடர்பு உண்டு. கோவா, டாமன், டையூ ஆகியவை இந்தியாவுடையவை என்று போர்ச்சுகல் ஏற்றுக்கொண்ட 1974 டிசம்பர் 31 உடன்படிக்கையில், வெளியுறவு அமைச்சராக டெல்லியில் கையெழுத்திட்டவர் இவர். 1992 குடியரசு தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகவும் வந்தார்.

எல்லோரும் அவரைக் கொண்டாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது ஆப்பிரிக்கக் காலனிகளை அவசர அவசரமாகக் கைவிட்டதில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு போர்ச்சுகலுக்கு ஓடிவந்தார்கள். அவர்களில் பலர் அவரைக் கடைசி வரை மன்னிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் காலனிகளில் நடந்த பதின்மூன்று வருடப் போரில் களைத்துப்போன ராணுவம் இனி சண்டை போடத் தயாராக இல்லை; பேரம் பேச அவர் கையில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

2006-ல், 81 வயதில், மறுபடி ஜனாதிபதித் தேர்தலில் நின்று 14 சதவீதத்தோடு மூன்றாம் இடம் வந்தார். 2017 ஜனவரி 7 அன்று, 92 வயதில் லிஸ்பனில் காலமானார். குன்யாலுடன் அவர் நடத்திய விவாதத்தின் பதிவு போர்ச்சுகல் அரசுத் தொலைக்காட்சியின் இணைய ஆவணத்தில் இருக்கிறது. மொழி புரியாவிட்டாலும் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.