யாருடைய ஜெபம் கேட்கப்பட்டது?

கேள்வி: எங்கள் சபையில் ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பத்தார் ஜெபக்குறிப்புக் கொடுத்தார்கள். அறுத்த உளுந்து களத்தில் கிடப்பதால் மழை வேண்டாம் என்றார் ஒருவர். கிணறு வற்றிக் கத்தரித் தோட்டம் வாடுவதால் மழை வேண்டும் என்றார் மற்றவர். புதன்கிழமை மழை கொட்டியது. அடுத்த வாரம் தோட்டக்காரர் எழுந்து சாட்சி சொன்னார். உளுந்துக்காரர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். இருவரில் யாருக்கு விசுவாசம் அதிகம்? தேவன் ஏன் ஒருவருடைய ஜெபத்தை மட்டும் கேட்டார்?
— ஒரு வாசகர், பெகு, பர்மா

பதில்: இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதலாவதை நீங்கள் கேட்காமலே இருந்திருக்கலாம். மழையை வைத்து விசுவாசத்தை அளப்பதென்றால், அதே புதன்கிழமை ஜெபமே செய்யாதவர் கொல்லையிலும் பக்கத்துப் புத்த மடத்துக் குளத்திலும் பெய்த மழையை யார் கணக்கில் எழுதுவீர்கள்? பிதாவானவர் “நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார்” என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லியிருக்க, அந்த மழையை நற்சான்றிதழாக மாற்றியவர்கள் நாம்தான்.

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்கிறான். அடுத்த சில வசனங்களில் பேதுருவைத் தேவதூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். இருவரும் ஒரே ஏரியில் வலைவீசியவர்கள், ஒரே ஆண்டவரால் அழைக்கப்பட்டவர்கள். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று அந்த அதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. பேதுருவுக்கு அதிகம் என்றும் இல்லை. நம் மண்ணுக்கே வந்தால், 1813இல் ரங்கூனில் இறங்கிய அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார். 1826இல் அவர் அன்றைய அரச தலைநகரான ஆவாவில் இருந்தபோது அவருடைய மனைவி ஆன், தெற்கே கடலோரத்து அம்ஹெர்ஸ்டில் இறந்துபோனார். உங்கள் சபையின் சாட்சி நேரத்தில் ஜட்சனை எந்த வரிசையில் உட்காரவைப்பீர்கள்?

இரண்டாவது கேள்வி நேர்மையானது. ஒருவருக்குப் பெய்து மற்றவருக்குப் பெய்யாமல் இருக்க மழைக்கு வரப்பு தெரியாது. ஒரே ஊரில் இருவருடைய தேவைகள் எதிரும் புதிருமாக இருந்தால், எது நடந்தாலும் ஒருவர் இழக்கவே செய்வார். தேவன் ஏன் அன்று மழையைத் தேர்ந்தார் என்று எனக்குத் தெரிந்ததுபோல எழுதினால் அது பொய்யாகும். ஆனால் இழந்தவரை அவர் எப்படித் தாங்குகிறார் என்பதற்கு வேதத்தில் விடை இருக்கிறது, அதை நாம்தான் வசதியாகத் தாண்டிப்போகிறோம். யாத்திராகமம் 16இல், வனாந்தரத்தில் தேவன் தந்த உணவாகிய மன்னாவைத் தலைக்கு ஒரு ஓமர் அளவு என்று, வீட்டிலுள்ள ஆட்களின் தொகைப்படி சேர்க்கச் சொன்னார்கள். மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை. இந்த வசனத்தைப் பவுல் எங்கே எடுத்து ஆளுகிறார் தெரியுமா? எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையாரிடம் பணம் சேர்க்கும்போது! வனாந்தரத்தில் தேவன் தாமே சரிக்கட்டியதை, இப்போது உங்கள் செல்வம் அவர்கள் வறுமைக்கு உதவுவதாலே சரிக்கட்டுங்கள் என்பதுதான் 2 கொரிந்தியர் 8இல் அவருடைய வாதம். அப்படியானால் உங்கள் ஊரின் அந்த இரண்டு ஜெபங்களுக்கும் நடுவே தேவன் நிறுத்தியிருப்பது உங்கள் சபையைத்தான்.

உளுந்து விவகாரம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நெல்லறுத்த ஈரத்தில் விதைத்து, பனியில் வளர்த்து, மாசி பங்குனியில் களத்துக்குக் கொண்டுவரும் சரக்கு அது. பெரும்பகுதி இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது. (சென்னையில் யாரோ அரைக்கும் இட்லி மாவில் பெகு உளுந்தும் இருக்கக்கூடும்.) நனைந்தால் நிறம் மங்கும், முளைகட்டும், தரகர் விலையை இறக்குவார், விதைக்கு வாங்கிய கடனோ இறங்காது. இவ்வளவும் தெரிந்த சபையார் அந்த மனிதருக்கு முன்னால் கைதட்டியிருக்கிறீர்கள். தோட்டக்காரர் நன்றி சொன்னதில் தவறில்லை. அதே மழை எதிர் வரிசையில் இருப்பவருக்கு என்ன செய்தது என்பதை ஒரு வார்த்தையாவது சொல்லாமல் உட்கார்ந்ததில்தான் தவறு. அவருக்கு அது தோன்றாவிட்டால் போதகருக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

நீங்கள் அந்த இருவரில் ஒருவரா, பார்த்துக்கொண்டிருந்தவரா என்று எழுதவில்லை. தோட்டக்காரராக இருந்தால், கத்தரி விற்ற பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு இன்றே அவர் வீட்டுக்குப் போங்கள். பார்த்தவராக இருந்தால், தார்ப்பாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு போங்கள். நனைந்த உளுந்தைக் கிளறிவிட ஆள் போதாது. உங்கள் கடிதம் எங்களிடம் வந்து, இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அது முளைவிட்டிருக்குமே என்பதுதான் என் கவலை.