உழவர் நிறுவனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் (விவசாயிகள் பங்கு போட்டு நடத்தும் கம்பெனி) 500 உறுப்பினர்கள். ஆளுக்கு 500 ரூபாய் பங்கு. ஒன்றிய அரசுத் திட்டத்தின் மூன்றாண்டு உதவி அடுத்த ஆண்டோடு முடிகிறது. பயிற்சிக்குக் குறைவில்லை, வியாபாரம்தான் நகரவில்லை. உதவி நின்றால் சம்பளத்துக்கு எங்கே போவது?
- ஒரு வாசகர், கே.வி.குப்பம்

பதில்: முதலில் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். திட்டத்தில் உள்ளபடியே பார்த்தாலும் முதன்மைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000, கணக்கருக்கு 10,000, ஆபீஸ் வாடகை 4,000. ஆண்டுக்கு 4,68,000 ரூபாய். உரம், விதை, விளைபொருள் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 4 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 1 கோடியே 17 லட்சத்துக்கு விற்றால்தான் இந்தச் செலவு கட்டும். கரண்ட் பில்லும் ஆடிட்டர் கட்டணமும் தனி.

கையில் என்ன இருக்கிறது? பங்குப் பணம் 2.5 லட்சம், அதற்கு ஈடாக அரசு தரும் பங்கு மானியம் 2.5 லட்சம். ஆக 5 லட்சம். இந்தப் பணம் ஆண்டில் 23 தடவைக்கு மேல் சுற்றி வர வேண்டும். சரக்கை ஏற்றிக்கொண்டு போய் ஒரு மாதம் கழித்துப் பணம் தரும் மண்டிக்காரரிடம் இது நடக்கிற காரியமா? பங்கு மானியம் உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை உண்டு. ஆளுக்கு 2,000 பங்கு சேர்ந்தால் மானியத்தோடு 20 லட்சம். ஆறு சுற்றே போதும். நீங்கள் ஏற்கெனவே மானியம் வாங்கியிருந்தால், மீதியைக் கேட்க வழியுண்டா என்று உங்கள் நிறுவனத்தை உருவாக்கிய அமைப்பிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். கூடுதல் 1,500 ரூபாயை ஒரே மூச்சில் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். விளைச்சல் விற்ற பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளச் சம்மதக் கையெழுத்து வாங்குங்கள்.

பயிற்சி விஷயத்துக்கு வருவோம். நூறு பேரை மண்டபத்தில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தி, மதியச் சாப்பாட்டோடு முடிகிற பயிற்சியால் போட்டோதான் மிஞ்சும். இயக்குநர்களுக்குத் தேவை, மாதக் கணக்கைப் படிக்கப் பழகுவது: சரக்கு எவ்வளவு இருக்கிறது, பாக்கி யாரிடம் எத்தனை நாளாக நிற்கிறது, பேங்கில் என்ன இருக்கிறது. இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்த இயக்குநர் இருவர் இருந்தால் போதும். உரக் கடை நடத்த உரிமம் வாங்க, வேளாண் பட்டம் இல்லாதவர் 15 நாள் சான்றிதழ்ப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அடுத்தது எப்போது என்று விரிஞ்சிபுரம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் விசாரித்து, கடையில் நிலையாக இருக்கப்போகும் ஆளையே அனுப்புங்கள்.

கேள்வி: உறுப்பினர்களிடம் மல்லாட்டை (நிலக்கடலை) வாங்கிக் குடோனில் வைத்து விற்றோம். விலை இறங்கவில்லை, திருட்டும் இல்லை. ஆனாலும் நஷ்டம். எங்கே போயிற்று பணம்?
- ஒரு வாசகர், அணைக்கட்டு

பதில்: பெரும்பாலும் தண்ணீராகப் போயிருக்கும். 14 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ வாங்கினால், 8 சதவீதத்துக்குக் காயும்போது 935 கிலோதான் தேறும். கிலோ 60 ரூபாய் என்றால் டன்னுக்கு 3,900 ரூபாய் காற்றோடு போச்சு. ஐப்பசி மழையில் பிடுங்கிய காயில் இது இன்னும் கூடும்.

மூட்டையின் வாய், நடு, அடி மூன்று இடத்திலும் காய் எடுத்துக் கலந்து அரை கிலோ நிறுத்து உரியுங்கள். நல்ல பருப்பு 350 கிராம் வந்தால் 70 சதவீதம். இதை அடிப்படையாக வைத்து 60 ரூபாய் பேசியிருந்தால், 325 கிராம் மட்டும் தேறும் காய்க்கு 55 ரூபாய் 70 காசுதான் கட்டும். ஈர மீட்டரில் உரித்த பருப்பைப் போட்டுப் பாருங்கள். நிலக்கடலைக்கான அமைப்பில் மீட்டர் இருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். நெல்லுக்கு வைத்த மீட்டரிலேயே கடலையைப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கொண்டுவந்தவர் கண்ணெதிரே அளந்து, ஈரமும் பருப்பு அளவும் ரசீதில் எழுதிவிட்டால் சண்டை வராது. "நம்ம ஆள்தானே" என்று உறுப்பினருக்கு மட்டும் சலுகை காட்டினால் காய்ந்த காய் வியாபாரிக்குப் போகும், ஈரக்காய் உங்களுக்கு வரும்.

8 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள காயை அடுக்க வேண்டாம். ஈரத்தில் வளரும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது தெரிந்தால் லாரியோடு திருப்பி அனுப்புவார்கள். மூட்டைகள் பலகை மேல் இருக்கட்டும், சுவரை ஒட்டாமல்.

கேள்வி: ஒரு வருஷமாக வியாபாரமே இல்லை. அதற்கும் கம்பெனிப் பதிவாளரிடம் கணக்கு தாக்கல் செய்ய வேண்டுமா?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: செய்தே ஆகவேண்டும். தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளுக்கு 100 ரூபாய். இருப்புநிலைக் குறிப்பு, ஆண்டு விவர அறிக்கை என இரண்டு படிவம் ஓராண்டு தாமதமானால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பார்கள். இன்றே ஆடிட்டரைப் பாருங்கள்.