கோதுமைப் பணமும் மாஸ்கோப் புத்தகமும்

கேள்வி: அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டினவே, அந்தப் பனிப்போரால் நமக்கு மிச்சம் என்ன? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: சோவியத் உதவியோடு எழுந்த பிலாய் உருக்காலையையும் நெய்வேலி அனல் மின் நிலையத்தையும் நீங்களே அறிவீர்கள். ‘மிச்சம்’ என்று கேட்டீர்களே, அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். இரு வல்லரசுகளும் நம்மோடு ரூபாயில் கணக்கு வைத்திருந்தன. அந்தக் கணக்கில் தமிழுக்கு மிஞ்சியவை புத்தகங்கள்.

1956-இல் கையெழுத்தான பி.எல்.480 (அமெரிக்கப் பொதுச் சட்டம் 480) ஒப்பந்தப்படி வந்த அமெரிக்கக் கோதுமைக்கு நாம் டாலர் தர வேண்டியதில்லை, ரூபாய் கொடுத்தால் போதும். அது தயவு மட்டுமன்று. 1966 பஞ்சத்தின்போது அமெரிக்க அதிபர் ஜான்சன் கப்பல் கப்பலாக அளந்து அனுப்பி நம்மைத் தவிக்க விட்டதை என் தலைமுறை மறக்காது. கோதுமைக்கு நாம் கொடுத்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இங்கேயே குவிந்தது. 1974-இல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்குக் காசோலை எழுதி நம் அரசிடமே திருப்பிக் கொடுக்கும் அளவுக்குக் குவிந்தது. அதற்கு முன்பே, 1962 முதல், அதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்திய மொழி நூல்களைப் பல பிரதிகளாக வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. நம் கிளை நூலகங்கள் ‘சிதைந்தவை’ என்று கழித்துக்கட்டிய அக்காலத் தமிழ் நாவல்களையும் சிற்றிதழ்களையும் நம் ஆய்வாளர்கள் சிகாகோவில் போய்த் தேடுவது இதனால்தான். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

மறுபக்கம் மாஸ்கோ. நம் தேயிலையையும் தோலையும் ரூபாய்க்கு வாங்கிய அந்த நாடு, முன்னேற்றப் பதிப்பகத்தில் தமிழுக்கென்றே ஆள் வைத்துப் புத்தகம் போட்டது. பூ.சோமசுந்தரம், நா.தர்மராஜன், ரா.கிருஷ்ணையா போன்றோர் பெயர்த்த நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் சில ரூபாய்க்கு விற்றது. கெட்டி அட்டை, நூல் தையல், ஐம்பது ஆண்டு ஆகியும் பிரியாத முதுகு. ‘சோவியத் நாடு’ இதழின் வழுவழுப்பான தாளைப் பாட நோட்டுக்கு அட்டை போடாத பள்ளிப் பிள்ளை எங்கள் ஊரில் இல்லை.

‘எல்லாம் வெறும் பிரச்சாரம்’ என்று சொல்லும் நண்பர்களோடு நான் பல ஆண்டுகளாகச் சண்டை போட்டு வருகிறேன். பிரச்சாரம்தான், மறுக்கவில்லை, ஸ்டாலின் காலச் சிறைமுகாம்களைப் பற்றி அந்தப் புத்தகங்களில் நான் எதையும் படித்ததில்லை. ஆயினும் அவற்றின் கடைசிப் பக்கத்தில், மொழிபெயர்ப்பையும் அமைப்பையும் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று கேட்டு, ஜூபவ்ஸ்கி புல்வார், மாஸ்கோ என்று முகவரி கொடுத்திருப்பார்கள். எட்டாம் வகுப்புப் பையனாகிய என்னிடம் அதற்கு முன் யாரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை.

1991-இல் ஒன்றியம் கலைந்தது, அந்தத் தமிழ் வேலையும் நின்றது. உங்கள் ஊர் நூலகத்தில் அந்தப் புத்தகங்கள் இன்னும் இருக்கலாம். அடுத்த கழிவுப் பட்டியல் தயாராகும் முன் போய்ப் பாருங்கள்.