முதல் எழுத்து கிடைத்துவிட்டது, பெயர்தான் கிடைக்கவில்லை: ஆண் குழந்தைப் பெயர் கேள்வி-பதில்

நட்சத்திரப் பாதத்துக்கு (நட்சத்திரத்தின் நான்கில் ஒரு பங்கு) எழுத்தை எடுத்து வைத்துக்கொண்டு பெயர் தேடும் பெற்றோரின் கேள்விகள் இவை. குழப்பத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் முளைக்கிறது. பஞ்சாங்கம் எழுத்து என்று சொல்வது உண்மையில் ஓர் ஒலி. அந்த ஒலிகளில் பல தமிழில் ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடுகின்றன. சில தமிழ்ச்சொல்லின் முதலில் வரவே வராது.

கேள்வி: பையன் 15-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குப் பிறந்தான். பஞ்சாங்கத்தில் 14-ஆம் தேதி 'கார்த்திகை 26.10 வரை' என்றும், 15-ஆம் தேதி 'ரோகிணி 23.40 வரை' என்றும் இருக்கிறது. எந்த எழுத்து?

முதலில் ஒன்று: 23.40 என்பது மணி அல்ல, நாழிகை. சூரிய உதயத்திலிருந்து 23 நாழிகை 40 விநாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு விநாழிகைக்கு 24 வினாடி. 26.10-உம் அப்படித்தான். அதை அதிகாலை 2.10 என்று படித்துவிட்டு, 2 மணிக் குழந்தையைக் கார்த்திகையில் தள்ளி 'ஏ' என்று பெயர் தேடத் தொடங்குபவர்கள் நிறையப் பேர்.

உதயம் 6.02 என்று வைத்துக்கொள்வோம். 26.10 நாழிகை என்றால் 10 மணி 28 நிமிடம். ஆகவே கார்த்திகை 14-ஆம் தேதி மாலை 4.30-க்கு முடிந்து ரோகிணி தொடங்குகிறது. 23.40 நாழிகை என்றால் 9 மணி 28 நிமிடம். ரோகிணி மறுநாள் பிற்பகல் 3.30 வரை. மொத்தம் 23 மணி நேரம். நான்கால் வகுத்தால் ஒரு பாதத்துக்கு 5 மணி 45 நிமிடம். மாலை 4.30 முதல் 10.15 வரை முதல் பாதம், 10.15 முதல் அதிகாலை 4 மணி வரை இரண்டாம் பாதம். உங்கள் மகன் ரோகிணி 2-ஆம் பாதம், எழுத்து 'வா'.

'ஒரு பாதத்துக்கு 6 மணி நேரம்' என்று வாய்க்கணக்குப் போடாதீர்கள். சந்திரனின் வேகம் நாளுக்கு நாள் மாறும்; ஒரு நட்சத்திரம் 21 மணியிலும் கடக்கும், 27 மணியும் எடுத்துக்கொள்ளும். பாத எல்லைக்கு அருகில் பிறந்த குழந்தைக்கு வாக்கியப் பஞ்சாங்கமும் (பழைய வாய்பாட்டுக் கணக்கு) திருக்கணிதமும் (இன்றைய வானியல் கணக்கு) வேறு வேறு பாதம் காட்டலாம். ஜாதகம் எதில் கணிக்கிறீர்களோ, எழுத்தும் அதிலேயே எடுங்கள்.

கேள்வி: திருவோணத்துக்கு ஒரு பட்டியல் 'ஜு, ஜே, ஜோ, கா' என்கிறது. இன்னொன்று 'கி, கு, கே, கோ' என்கிறது. எது தப்பு?

இரண்டும் ஒரே சக்கரத்திலிருந்து வந்தவைதான். இதற்கு அவகஹட சக்கரம் என்று பெயர். முதல் ஐந்து வரிசை அ, வ, க, ஹ, ட என்று தொடங்குவதால் அந்தப் பெயர். இருபது வரிசை, ஒவ்வொன்றிலும் அ, இ, உ, ஏ, ஓ என ஐந்து உயிர், ஆக 100. இவற்றோடு இடையிடையே வரும் தனி எழுத்துகள் 12. மொத்தம் 112. நான்கால் வகுத்தால் 28 நட்சத்திரம்! உத்திராடத்துக்கும் திருவோணத்துக்கும் நடுவே இருந்த அபிஜித்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. ஜு, ஜே, ஜோ, கா ஆகியவை அபிஜித்தின் எழுத்துகள். 27 நட்சத்திரக் கணக்கில் அபிஜித் விழுந்துவிட, அதன் எழுத்துகளைச் சில பட்டியல்கள் திருவோணத்தின் தலையில் கட்டிவிட்டன. 28 நட்சத்திரச் சக்கரப்படி திருவோணத்துக்குரியவை கி, கு, கே, கோ.

இதே கணக்கிலிருந்து இன்னொரு சந்தேகமும் தீரும். உயிர் ஐந்துதான் என்பதால் குறில், நெடில் வேறுபாடு சக்கரத்தில் கிடையாது. மிருகசீரிடம் முதல் பாதத்துக்கு 'வே' என்று வந்தால் வேந்தன், வேலவன் மட்டுமல்ல. வெற்றி, வெற்றிமாறன் எல்லாமே பொருந்தும்.

கேள்வி: விசாகம் 2-ஆம் பாதம், 'து'. துரை, துருவன், துஷ்யந்தன் என்று பார்த்து வைத்திருக்கிறோம். சரியா?

எழுத்துப்படி சரி, ஒலிப்படி மூன்றுமே இடறும். வடமொழியில் த-வுக்கு நான்கு ஒலி. தமிழில் ஒரே எழுத்து. 'தாளம்' என்பதில் வரும் த வேறு, 'தானம்' என்பதில் அதிர்ந்து வரும் த வேறு. விசாகத்தின் து, தாளத்தின் இனம். துஷ்யந்தனும், பேச்சில் ஒலிக்கும் துரையும் தானத்தின் இனம். அந்த து உத்திரட்டாதி முதல் பாதத்துக்குரியது. துருவன் மூச்சு அழுத்தி வரும் வேறொரு ஒலி.

விசாகத்தின் ஒலிக்கே வேண்டுமென்றால் தூயவன், தூயன், துங்கன், துளசிராமன், துஷார் என்று போகலாம். துங்கன் என்றால் உயர்ந்தவன்; குலோத்துங்கன் என்பதில் இருப்பதும் அதுதான். பழைய பெயர், ஆனால் அலுத்துப்போகாத பெயர்.

க வரிசையில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். கண்ணன், கதிரவன் மிருகசீரிடம் 3-க்கு. கணேசன், கணபதி, கஜேந்திரன் அவிட்டம் முதல் பாதத்துக்கு. கோமகன், கோவேந்தன் புனர்பூசம் 2-க்கு. கோவிந்தன், கோபால், கோகுல் சதயம் முதல் பாதத்துக்கு. ப-வும் அப்படித்தான்: பாரி, பாண்டியன் உத்திரம் 3, பரத், பாஸ்கரன் மூலம் 3. தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கும் வீடுகளும் உண்டு, அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஜாதகப்படிதான் வேண்டும் என்று கேட்பவர்கள் வாயால் சொல்லிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: பிரகாஷ், பிரவீன் இரண்டும் 'பி' எழுத்தில் சேருமா?

சேராது. அந்த 'பி' தமிழில் எழுதுவதற்காக வந்து ஒட்டிக்கொண்டது. மெய்கள் சேர்ந்து வரும் பெயரில் முதல் மெய்யையும், அந்தக் கூட்டத்தின் முடிவில் நிற்கும் உயிரையும் சேர்க்க வேண்டும். ப்ர என்பதில் ப்-உம் அ-வும். ஆகவே பிரகாஷ், பிரவீன், பிரசன்னா எல்லாம் 'ப', உத்திரம் 3. பிரேம் என்பது 'பே', சித்திரை முதல் பாதம். பிரியன் உண்மையாகவே 'பி', உத்திரம் 4. ஸ்ரீநாத், ஸ்ரீராம் போன்றவை 'ஸி', சதயம் 3.

கேள்வி: சித்திரை 3, எழுத்து 'ரா'. 'இராகவன்' என்று எழுதினால் முதல் எழுத்து இ ஆகிவிடாதா?

தமிழில் ர, ல இரண்டும் சொல்லுக்கு முதலில் வராது. வடசொல் வந்தால் முன்னே ஓர் உயிர் போட்டு எழுதலாம் என்று நன்னூல் விதி தருகிறது: ர-வுக்கு அ, இ, உ; ல-வுக்கு இ, உ. அரங்கன், இராமன், உருத்திரன், இலக்குவன், உலோகநாதன் எல்லாம் அப்படி வந்தவை. எழுத்தில் இ இருந்தாலும் கூப்பிடும்போது 'ராகவா' என்றுதான் வரப்போகிறது. ஒலிதான் கணக்கு என்பதால் எழுத்துப் பொருத்தம் கெடாது.

கெடுவது வேறு இடத்தில். சான்றிதழில் தமிழில் 'இராகவன்', ஆங்கிலத்தில் ஆர் எழுத்தில் தொடங்கும் பெயர் என்று பதிந்துவிட்டு, பிறகு ஏதோ ஒரு விண்ணப்பத்தில் கணினியே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினால் ஐ எழுத்தில் தொடங்கும் புதுப் பெயர் ஒன்று பிறந்துவிடும். தானாக வரும் எழுத்துக்கோவையை ஒவ்வொரு முறையும் கையால் திருத்துங்கள். அல்லது தொடக்கத்திலேயே 'ராகவன்' என்று பதிந்துவிடுங்கள். இன்று இரண்டு வடிவமும் புழக்கத்தில் இருப்பவைதான்.

கேள்வி: பூச நட்சத்திரம். ஹு, ஹே, ஹோ, ட. தூய தமிழ்ப் பெயர் வேண்டும். வழி உண்டா?

நேர்வழி இல்லை. ஹ தமிழ் எழுத்து இல்லை, ட சொல்லுக்கு முதலில் வராது. 'அதே ராசியில் பக்கத்து எழுத்தை எடுங்கள்' என்று சிலர் சொல்வார்கள். கடகத்தில் அதுவும் பலிக்காது. புனர்பூசம் 4-க்கு ஹி, ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. ஒன்பது பாதமும் ஹ, ட வரிசைதான்!

மூன்று சுற்றுவழிகள் இருக்கின்றன. ஹ-வை உதிர்த்துவிடுவது ஒன்று. ஹரி அரியானதும் ஹரன் அரனானதும் அப்படித்தான். ஹேமநாதன் ஏமநாதன் ஆகலாம். ஆனால் இந்த 'ஏம' சுருங்கினால் எமனுக்குப் பக்கத்தில் போய் நிற்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பெயர் சூட்டும்போது காதில் ஓதுவதற்கும் அர்ச்சனைக்கும் ஹேமந்தன் போல ஒரு பெயர், பதிவுக்கும் அழைப்பதற்கும் நீங்கள் விரும்பும் தமிழ்ப் பெயர் என்று இரண்டாக வைப்பது இன்னொன்று. பழைய வழக்கம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எழுத்தை விட்டுவிட்டு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்வது மூன்றாவது. பூசம் என்றாலே தைப்பூசமும் முருகனும் நினைவுக்கு வரும். வேலன், குமரன், சேந்தன், முருகவேள் என்று வாசல் அகலத் திறக்கும். நாங்கள் இரண்டாவதையோ மூன்றாவதையோதான் சொல்வோம்.

கேள்வி: அனுஷம் 3, 'நு'. ஒரு பெயரும் பிடிக்கவில்லை.

பிடிக்காததில் வியப்பில்லை, நு-வில் பெயர்கள் மிகக் குறைவு. அனுஷத்தின் மற்ற மூன்று எழுத்துக்கும் நகர்ந்துகொள்ளுங்கள். நட்சத்திரத்தின் நான்கில் எதையும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அங்கே செல்வம் கொட்டிக்கிடக்கிறது: நம்பி, நன்மாறன், நலங்கிள்ளி, நக்கீரன், நகுலன், நந்தன், நிலவன், நித்திலன், நிமலன், நெடுமாறன், நெடுஞ்செழியன், நேயன். நித்திலம் என்றால் முத்து. ரோகிணி 4-இன் 'வு'-வுக்கும் இதே பதில்தான். வ-வோடு உ, ஊ, ஒ, ஓ சேர்ந்து தமிழ்ச்சொல் தொடங்காது.

உத்திரட்டாதி 4 மட்டும் இதற்கு நேர்மாறு. அதன் 'ஞ' மற்ற மொழிக்காரர்களைத் தவிக்கவிடும். நமக்கு ஞானவேல், ஞானசேகரன், ஞானமூர்த்தி என்று தயாராக இருக்கிறது.

கேள்வி: கார்த்திகை 4, 'ஏ'. எழிலன் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் வெளிமாநிலத்தில் என்னென்னவோ படிக்கிறார்களாமே?

ழ-வுக்கு இசட்டும் எச்சும் போடுவதுதான் இன்றைய பெருவழக்கு. தமிழும் மலையாளமும் தெரியாதவர்கள் அதை இசட்டாகத்தான் படிப்பார்கள். 'எசிலன்' என்று கூப்பிடுவார்கள். இதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்றால் எழிலன், எழில்வேந்தன் இரண்டும் அருமையான பெயர்கள். முடியாதென்றால் ழ இல்லாத எல்லவன், ஏந்தல் இருக்கின்றன. எல் என்றால் ஒளி, பகல், சூரியன். எயினன் என்றும் பட்டியல்களில் பார்ப்பீர்கள். வேட்டுவன் என்று பொருள், தெரிந்துகொண்டு வையுங்கள்.

எண் கணிதத்துக்காக ஆங்கிலத்தில் ஒரு ஏ-யையோ எச்சையோ கூட்டுவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கூட்டுவதானால் முதல் சான்றிதழிலேயே கூட்டுங்கள். ஐந்து வயதில் கூட்டினால் ஆதார் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேடு ஒரு மாதிரி என்று நிற்கும்.

கேள்வி: மூத்தவன் கவின். இளையவனுக்கும் க-வில் கவின்ராஜ் என்று வைக்க ஆசை.

முதல் எழுத்து ஒன்றாகட்டும், முதல் மூன்று எழுத்து வேண்டாம். அப்பா பெயரும் முகவரியும் இனிஷியலும் இருவருக்கும் ஒன்றுதான். தாளில் பிரித்துக் காட்டப்போவது பெயர் மட்டுமே. கவினுக்குத் தம்பி கதிரவன், கண்ணன், கபிலன் என்றால் முதல் எழுத்தும் நிற்கும், தூரத்திலிருந்து கூப்பிட்டாலும் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பது தெரியும். இரட்டையர் என்றால் பிறந்த தேதியும் ஒன்றாகிவிடுவதால் இது இன்னும் முக்கியம்.

கேள்வி: பெயர் முடிவாகவில்லை, மருத்துவமனையில் பதிவுக்கு அவசரப்படுத்துகிறார்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை அல்ல. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்; அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அவசரத்தில் ஏதோ ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு 'அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்பதுதான் தொல்லை. எழுத்துப்பிழையைத் திருத்துவது ஒன்று, பெயரையே மாற்றுவது வேறொன்று. பின்னது அரசிதழ் வரை இழுத்துக்கொண்டு போகும்.

2023 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டும் ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அதையே கேட்பார்கள். ஆகவே சேர்க்கும் நாளில் மூன்றைச் சரிபாருங்கள்: தமிழ் வடிவம், ஆங்கில எழுத்துக்கோவை, அப்பா அம்மா பெயர்கள் அவர்களுடைய ஆவணங்களில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பது. பாஸ்போர்ட்டில் வெறும் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டியிருக்கும். அப்பா பெயர் இங்கே ஒரு விதமாகவும் அவருடைய பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருந்தால் அன்றைக்குத்தான் அது தெரியவரும்.